குதிரைத் தீனியில் நான் கலந்த பொடி

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி. குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். குதிரை ஏறச் சொல்லிக்கொடுக்கும் அம்மணி. அம்மணி ஏறி உட்கார்ந்திருந்த குதிரை. கையில் தென்னை மட்டையோடு நின்ற நான். குதிரையையும் ஆளாகத்தான் சேர்த்திருக்கிறேன்.

மூன்று வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. போத்தனூரைத் தாண்டி பொள்ளாச்சி போகிற பக்கம் எங்கள் முதலாளிக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. தோப்புக்கு நடுவில் இடம் ஒதுக்கி, மணல் கொட்டி, வேலி போட்டு, குதிரை ஏறப் பழகுகிற பள்ளி வைத்திருந்தார். முதலாளிக்குத் தொழில் பம்புசெட் பவுண்டரி. குதிரை ஆசைக்கு.

நான் அங்கே குதிரை பார்க்கிற ஆள். தீனி வைப்பது, தேய்ப்பது, கொட்டில் கூட்டுவது. என் அப்பா தோட்ட வேலை பார்த்தவர். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. இதை எழுதுவதே என் மகள் திருத்தித் தருவாள் என்கிற தைரியத்தில்தான்.

அந்தக் குதிரை தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் வந்தது. பந்தயத்தில் ஓடிய குதிரை. ஓட்டம் குறைந்ததும் கழித்துவிட்டார்கள். முதலாளி வாங்கி வந்தார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர். எனக்கு வாயில் வரவில்லை. கண்ணு என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது.

பந்தயக் குதிரைக்கு ஓடத்தான் தெரியும். நடக்கத் தெரியாது. புதிதாகப் பழக வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மெதுவாக நடக்கவேண்டும் என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். இதற்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. பந்தயம் தொடங்கும் இடத்தில் குதிரைகளை இரும்புக் கூண்டுக்குள் வரிசையாக நிறுத்துவார்கள். கதவு படாரென்று திறக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பாய வேண்டும். அதுதான் அதற்குத் தெரிந்த பாடம். எங்கள் இடமோ தென்னந்தோப்பு. காய்ந்த மட்டை எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. விழுந்தால் படார் என்று கேட்கும். கேட்டால் இது பாயும்.

அம்மணிக்கு முப்பது வயது இருக்கும். போத்தனூர்க்காரர். அவருடைய வழி இதுதான். நான் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு தூரத்தில் நிற்க வேண்டும். அம்மணி குதிரையைப் பிடித்துக்கொண்டு இங்கே நிற்பார். கை காட்டினால் மட்டையை ஓங்கிக் கீழே போட வேண்டும். குதிரை துள்ளும். துள்ளி முடித்து, தலையைத் தாழ்த்தி, வாயை மெல்லுகிற வரைக்கும் காத்திருப்பார். மென்றால் ஒரு துண்டு வெல்லம். அது துள்ளாமல் நின்றுவிட்டால் மறுநாள் ஒன்றிரண்டு அடி கிட்டே வரவேண்டும். அடி என்றால் அம்மணி நடந்து அளக்கிற காலடி. முதல் நாள் அறுபது அடியில் ஆரம்பித்தோம். தினமும் அடிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதுவார்.

முதலாளிக்கு இது சிரிப்பு.

"ஏனுங் அம்மணி, குதிரைய ஓட்டறீங்களா, எல்கேஜில சேத்திருக்கறீங்களா? மட்டைய எறிஞ்சே என்ற தோப்பக் காலி பண்ணிப்போடுவீங்களாட்ட இருக்குது."

"உங்க பவுண்டரில புது ஆள் வந்தா மொத நாளே கொதிக்கற இரும்பத் தூக்கச் சொல்லுவீங்களாங்க?" என்று கேட்டார் அம்மணி.

"அதெப்படீங்க, கைய வேகவெச்சுக்குவான்."

"இதும் அப்படித்தானுங்க."

குதிரையோடு ஒரு வெள்ளை டப்பாவும் வந்திருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் கொடுத்து அனுப்பியது. வெளிநாட்டுப் பொடி. வெளியில் குதிரைப் படம், உள்ளே ஒரு ஸ்பூன். குதிரையைச் சாந்தமாக வைக்கிற பொடி, தினம் ஒரு ஸ்பூன் என்று கொண்டுவந்த வேன்காரர் சொன்னார். அம்மணி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"இது வேண்டாங்ணா. மேல தூக்கி வெச்சுருங்க."

"ஏனுங் அம்மணி, கெட்டதுங்களா?"

"கெட்டதுன்னு சொல்லலீங்ணா. இதப் போட்டா குதிரை சும்மா நிக்கலாம். ஆனா பயம் போயிருச்சா, இல்லாட்டி பொடில அமுங்கிக் கெடக்குதான்னு எனக்குத் தெரியாது. அது தெரியாம நான் மேல ஏற முடியாதுங்ணா."

டப்பாவைத் தீனி அறைப் பலகையில் வைத்தேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் குதிரையைத் தண்ணீர்த் தொட்டிக்கு நடத்திப் போனேன். பக்கத்து மரத்தில் இருந்து மட்டை விழுந்தது. கயிறு என் கையை அறுத்துக்கொண்டு போனது. குதிரை வேலியை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து வாழைக்குள் புகுந்தது. முதலாளி வந்து பார்த்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"கொடுமுடிப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடறவர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்கறாருங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இது அடங்கோணும். இல்லீனா அனுப்பிப் போடலாம்."

கல்யாண ஊர்வலம் என்றால் மேளம், பேண்டு, வெடி. மட்டை சத்தத்துக்கே வேலியை உடைக்கிற குதிரை. அங்கே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மணிக்கும் தெரியும். ஆனாலும் அவர் மறுநாளும் அதே தூரத்தில்தான் என்னை நிறுத்தினார். ஒன்றிரண்டு அடியாகக் கிட்டே வந்தால் கிறிஸ்துமஸுக்குள் எங்கே முடிவது? எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை ஐந்தரைக்குத் தீனி கலக்கும்போது டப்பாவை எடுத்தேன். வேகவைத்த கொள்ளு, தவிடு, வெல்லத் தண்ணீர். அதில் பொடியைப் போட்டேன். ஒரு ஸ்பூன் போதாது என்று நினைத்து இரண்டு ஸ்பூன் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. குதிரை நக்கித் தின்றது.

ஒரு வாரத்தில் தெரிந்தது. மட்டை விழுந்தால் காதை மட்டும் ஆட்டியது. கண் கொஞ்சம் சொருகினாற்போல் இருந்தது. சாணம் இளகிப்போனது. அம்மணி அதைக் கவனித்துவிட்டார்.

"ஏனுங்ணா, வயித்துக்கு என்னாச்சு இதுக்கு?"

"குதிரை மசால் ரொம்ப எளசா இருந்துச்சுங் அம்மணி. அதானுங்க."

குதிரை மசால் என்பது நாங்கள் அறுத்துப் போடுகிற பச்சைத் தீவனம். குதிரைக்கு அதன்மேல் உயிர். அம்மணி மறுநாளில் இருந்து அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் சொன்ன பொய்க்கு அது பட்டினி கிடந்தது. சாணம் அப்படியேதான் இருந்தது.

நோட்டில் அடிக்கணக்கு மளமளவென்று இறங்கியது. முப்பது, இருபத்திரண்டு, பதினைந்து, ஒன்பது. டிசம்பர் முதல் வாரத்தில் ஐந்து அடிக்கு வந்துவிட்டது. அம்மணி மேலே ஏறினார். ஐந்து அடியில் மட்டையைப் போட்டேன். நின்றது. இறங்கி வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களாங்ணா? அது கத்துக்கிச்சு. திடீர்னு ஒரு நாள் புரிஞ்சுபோச்சு அதுக்கு."

மறுநாள் வரும்போது பேக்கரியில் இருந்து எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கி வந்தார். எனக்கும் இதில் பங்கு இருக்கிறதாம். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

முதலாளிக்குச் சேதி போனது. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். டாக்டரையும் கூட்டி வருவதாகச் சொன்னார். அவர்கள் முன்னால் அம்மணி குதிரையை ஓட்டிக் காட்டவேண்டும். சரியாக நடந்தால் குதிரை இங்கேயே இருக்கும்.

அந்த ஞாயிறுக்கு முந்திய புதன்கிழமை ஸ்பூன் டப்பாவின் அடியைச் சுரண்டியது. வியாழக்கிழமை பொடி இல்லை. பொள்ளாச்சி போய் மாட்டு மருந்து விற்கிற கடையில் காலி டப்பாவைக் காட்டினேன். இதெல்லாம் இங்கே வராது, வெளியில் சொல்லி வரவழைக்க வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்றார்கள். திரும்பி வந்தேன். இவ்வளவு நாளாயிற்று, இதற்குள் பழகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் குதிரை கொட்டிலுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்காலால் தரையைத் தோண்டியது. வாளி உருண்ட சத்தத்துக்கே பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. நான் பார்த்தேன். சனிக்கிழமை பூராவும் எனக்கு நேரம் இருந்தது. அம்மணியின் போன் நம்பர் என் போனில் இருந்தது. பேசவில்லை. சொன்னால் வேலை போகும் என்பதுகூட இல்லை. தேங்காய் பன் வாங்கித் தந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய்விட்டு நேராகத் தோப்புக்குப் போனேன். அம்மணி சேணத்தை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"எப்படிங்ணா இருக்கறான் இன்னிக்கு?"

"நல்லா இருக்கறானுங் அம்மணி."

இந்த வார்த்தையைத்தான் என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

முதலாளியும் டாக்டரும் வேலி ஓரம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அம்மணி ஏறி இரண்டு சுற்று நடையில் வந்தார். ஒரு சுற்று சின்ன ஓட்டம். குதிரையின் வால் இறுகி இருந்தது. காது இரண்டும் என் கையில் இருந்த மட்டையைப் பார்த்தே திரும்பின. அம்மணி ஐந்து அடியில் வந்து நிறுத்தினார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

எனக்குக் கை எழவில்லை.

"என்னப்பா, மட்டையக் குடுத்தா தாலாட்டுப் பாடீட்டு இருக்கற? போடு," என்றார் முதலாளி.

அம்மணி சிரித்தார். "போடுங்ணா. அவன் பாத்துக்குவான்."

போட்டேன்.

அது பாய்ந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. மணல்தான் முகத்தில் அடித்தது. கூண்டுக் கதவு திறந்தாற்போலப் போனது. முதல் வளைவில் அம்மணி வேலிக் கல்லில் மோதி விழுந்தார். சத்தமே போடவில்லை. முதலாளியும் டாக்டரும் அவரிடம் ஓடினார்கள். நான் குதிரையிடம் ஓடினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். அம்மணியிடம் ஓடவில்லை.

குதிரை கோடி வேலியில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. உடம்பு பூராவும் வேர்வை. தோல் தனியாக நடுங்கியது. என்னைப் பார்த்ததும் ஓடாமல் நின்றது. தினமும் தீனி வைக்கிற ஆள் அல்லவா.

அம்மணிக்கு இடது தோள் எலும்பும் மணிக்கட்டும் உடைந்திருந்தன. மணிக்கட்டுக்குத் தகடு வைத்தார்கள். டாக்டர் மதியம் திரும்பி வந்து குதிரையைப் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"இந்த மூணு நாலு நாள்ல தீனி கீனி ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்லீங்க சார்."

ஆஸ்பத்திரியில் முதலாளியோடு நானும் போய் நின்றேன். அம்மணி முகம் வெளுத்துக் கிடந்தார். குதிரையைப் பற்றித்தான் பேசினார்.

"அது மேல தப்பில்லீங்க. நான்தான் அவசரப்பட்டுப்போட்டேன். பத்து வருசமாக் குதிரை பாக்கறேன், இதப் படிக்கத் தெரியலீங்க எனக்கு."

"அதெல்லாம் இப்ப எதுக்குங் அம்மணி? ஒடம்பப் பாருங்க. குதிரைய நான் அனுப்பிப்போடறேன்," என்றார் முதலாளி.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை கொடுமுடியில் இருந்து வேன் வந்தது. குதிரை வேனில் ஏற மறுத்தது. நான்கு பேர் இழுத்தும் ஆகவில்லை. நான் கொஞ்சம் குதிரை மசால் அறுத்து வந்து காட்டி, "வா கண்ணு" என்றேன். என் பின்னாலேயே ஏறிவிட்டது. கட்டிவிட்டு இறங்கினேன். நான் கூப்பிட்டிருக்காவிட்டால் அன்று அது போயிருக்காது. ஒரு நாள் தள்ளியிருக்கும். அந்த ஒரு நாளில் எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்வது எங்கள் வழக்கம். மறுநாள் கோயிலில் வரிசையில் நின்று, முறை வந்ததும் முழங்கால் போட்டு, எல்லாவற்றையும் ஃபாதரிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. ஃபாதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.  எழுந்து வெளியே வந்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் அம்மணி வீட்டுக்குப் போனேன். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் காபியைத் தொடவில்லை. காலி டப்பாவைப் பையில் இருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன். அதற்குமேல் சொல்ல அதிகம் இல்லை. சொன்னேன்.

அம்மணி டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"தினமும் ரெண்டு ஸ்பூனா?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரியாம."

"ஆமாங்க. அத அனுப்பிப்போடுவாங்களேன்னு..."

"அனுப்பித்தானுங்ணா போட்டாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டு கொடுமுடிக்காரர் நம்பரை வாங்கினார். பேசினார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வந்த அன்னிக்கே ஒரு கோயில் ஊர்வலத்துல வெடிக்கு மிரண்டு ரெண்டு பேரத் தள்ளிப்போட்டுச்சாமாங்ணா. மறுநாளே கர்நாடகாக்காரர் ஒருத்தர்கிட்டக் கை மாத்திட்டாராமா. பேர் ஊர் எதும் தெரியலயாமா. வேன் வர்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லியிருந்தா, முதலாளி கால்ல உழுந்தாவது நிறுத்தியிருப்பேன்."

பிறகு நானே ஒருமுறை கொடுமுடிக்குப் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். அதே பதில்தான். அந்தியூர் குதிரைச் சந்தைக்கு இரண்டு வருடம் போனேன். நெற்றிப் பொட்டுள்ள செம்பழுப்புக் குதிரைகள் நிறைய நின்றன. ஒன்றும் அது இல்லை.

அன்று அம்மணி வீட்டில் நான் கிளம்ப எழுந்தபோது அவர் உட்காரச் சொன்னார். ஒரு கையால் அலமாரியில் தேடி நோட்டை எடுத்து வந்தார்.

"எனக்குக் கை ஒடஞ்சது பெரிசில்லீங்ணா. கட்டு பிரிச்சாச் சரியாப் போயிரும். ஆனா ஒரு வாரமா இதத்தான் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். எங்க தப்பாப் பாத்தேன்னே தெரியல. இனி ஒரு குதிரை மேலயும் ஏற முடியாதுன்னு நெனச்சுட்டேன். என்ற கண்ணையே நம்ப முடியலீங்ணா. எந்த நாள்ல இருந்து போட்டீங்க? காட்டுங்க."

பக்கத்தைப் புரட்டினேன். எல்லாம் இங்கிலீஷ், எழுத்து புரியவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டே போனேன். கயிறு என் கையை அறுத்த நாள். அதற்கு மறுநாள், அதே தூரத்தில் என்னை நிறுத்திய நாள். அதற்கும் மறுநாள்தான் பொடி. அந்த இடத்தில் விரலை வைத்தேன். அம்மணி பேனாவை வாங்கி அதற்குக் கீழே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே இருந்த ஒவ்வொரு எண்ணையும் அடித்தார். முப்பது, இருபத்திரண்டு, பதினைந்து, ஒன்பது, ஐந்து. எல்லாம் போயிற்று. கோட்டுக்கு மேலே பத்தொன்பது நாள் மிஞ்சியது.

"இது வரைக்கும் நெசந்தானுங்ணா?"

"நெசமுங்க. சத்தியமுங்க."

"அப்பக் கத்துட்டுத்தான் இருந்திருக்குது," என்றார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

அம்மணி மறுபடி குதிரை ஏற ஆறு மாதம் ஆனது. இப்போது வேறு இடத்தில் சொல்லித்தருகிறார். வழியில் பார்த்தால் பேசுவார். நான் முதலாளியிடமும் சொன்னேன். அவர் ஒரு நாள் பூராவும் என்னோடு பேசவில்லை. பிறகு வேலையைப் பார் என்றுவிட்டார். பொடியைக் குறை சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. கேட்டுக் கொடுத்தால் அது நல்லதாகக்கூட இருக்கலாம். நான் ஒளித்துக் கொடுத்தேன்.

எனக்கு மெதுவாகத் தெரிந்த அந்த ஒன்றிரண்டு அடி, அந்தக் குதிரைக்கு எவ்வளவு பெரிய தூரம் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. பயந்த ஒரு உயிர் யார் கட்டாயமும் இல்லாமல், எந்தப் பொடியும் இல்லாமல், தானாக ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்துகொண்டிருந்தது. நான்தான் அதை நம்பாமல் போனேன். இன்றைக்கும் புதுக் குதிரை வந்து எனக்கு அவசரம் பிடித்தால், கோட்டுக்கு மேலே கடைசியாக இருந்த அந்த எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

முப்பத்தெட்டு அடி.